சரியான இடத்தில் ஒரு புள்ளி

தென்கரிசல் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கழகத்தில் இன்றுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. யாரையும் முழுசாகச் சுட விடுவதில்லை என்பதுதான் அதன் ரகசியம். சுட வருகிறவர்களைவிடப் பாதுகாப்புக் குழுவில் ஆட்கள் அதிகம். போட்டி என்று ஒன்று தொடங்கினால், யார் ஜெயித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. யார் மிச்சம் என்றுதான் கேட்பார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், மூடிப்போன ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு அடுக்கி வைத்திருந்த கிட்டங்கிதான் அரங்கு. தகரக் கூரை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வத்தல் மூடையும் மல்லி மூடையும் ஏற்றி இறக்குகிற கமிஷன் மண்டி. இந்தப் பக்கம் பத்து மீட்டர் தள்ளி வரிசையாக இலக்கு அட்டைகள். காற்றுத் துப்பாக்கிதான் என்றாலும் விளையாட்டுச் சாமான் இல்லை. உள்ளே போகிற ஈய ரவை சின்னதுதான், ஆனால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் விதிகள் வேண்டும் என்பதில் சத்யபிரியாவுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. குழாய் முனை எப்போதும் இலக்கைத்தான் பார்க்க வேண்டும், சுடுகிற நேரம் தவிர விசையில் விரல் படக்கூடாது என்று கல்லூரி என்.சி.சி.யில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததை அவள் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோலக் கடைப்பிடித்து வந்தாள். கழகத்தில் சேர்ந்த பிறகுதான் விதி வேறு, பாதுகாப்பு வேறு என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். அப்பா கருத்தப்பாண்டி லோடு வேன் ஓட்டுகிறார். அவள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்துக்கொண்டே, சாயங்காலம் வந்து கழகத்தின் மூன்றாம் நம்பர் பிஸ்டலில் பழகுவாள். கை நடுங்காத பெண். போன வருடமே மாநிலப் போட்டிக்குப் போயிருக்க வேண்டியவள். ஒரு சொல் அவளைக் கவிழ்த்துவிட்டது.

துப்பாக்கியில் ரவை போடச் சொல்லும் கட்டளைக்கு அப்போது 'லோடு' என்று பெயர். போன வருடத் தேர்வில் அவள் அட்டையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மண்டிச் சுமைக்காரர் நல்லகண்ணுவின் குரல், "லோடு" என்று கணீரென்று வந்தது. லோடு வேன்காரர் மகள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். கை தானாகப் போய் ரவையைப் போட்டுவிட்டது.

பாதுகாப்புச் செயலர் மாரிக்கண்ணன் ஆரஞ்சு நிறச் சட்டையில் ஓடி வந்தார். அவர் நல்ல மனிதர்தான். வீட்டில் தீப்பெட்டியைக்கூட இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டுதான் திறப்பார் என்று சொல்வார்கள்.

"சார், லோடுன்னு கேட்டுச்சு. அதான் போட்டேன்" என்றாள் சத்யபிரியா.

"குரல் யாருடையது என்று அறிந்த பிறகே வீரர் கீழ்ப்படிய வேண்டும். தவறான குரலுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதும் குற்றமே" என்று மாரிக்கண்ணன் தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்டு அவள் தகுதி நீக்கம்.

அதோடு விட்டார்களா. குழுவாகக் கிளம்பி மண்டிக்குப் போய், போட்டி நடக்கிற நேரத்தில் அந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று நல்லகண்ணுவிடம் கேட்டுக்கொண்டார்கள்.

"லோடுன்னு சொல்லாம லோடு எப்படி ஏத்துறது சார்?" என்றார் நல்லகண்ணு. "எங்க தாத்தன் காலத்துலருந்து சொல்லிட்டு வாரோம். நேத்து வந்தவுக நீங்க. நீங்க வேற சொல்லு பாத்துக்கங்க."

கழகம் வேறு சொல் பார்த்துக்கொண்டது. தலைவர் சௌந்தரபாண்டியன், டவுனில் இரும்புக் கடையும் எண்ணெய்க் கடையும் வைத்திருப்பவர், அதை ஒரு மொழிப் போராகவே நடத்தினார். லோடு என்பது 'திணிக்கவும்' ஆயிற்று. ஸ்டார்ட் என்பது 'சுடுக' ஆயிற்று. ஸ்கோர் என்பது 'புள்ளி' ஆயிற்று. அரங்குக்குள் ஸ்கோர் என்று வாய் தவறிச் சொன்னாலும் வெளியேற்றம் என்று அறிவித்தார்கள். 'சுடுக' வந்ததும் வாசலில் முத்துத்தாய் கடைக்கு ஆபத்து வந்தது. அவள் பலகையில் 'சுடச்சுட வடை' என்று எழுதியிருந்தாள். வீரர்களைத் தூண்டும் வாசகம் என்று குழு ஆட்சேபித்து, 'வெதுவெதுப்பான வடை' என்று மாற்ற வைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு வியாபாரம் பாதி.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து இம்மானுவேல் சார் கதை. பந்தல்குடிப் பக்கம் தமிழாசிரியர். மனசு அமைதிக்காகச் சுட வந்தவர். கழகத்தின் இலக்கு அட்டைகளில் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். 'பாதுகாப்பே நம் கடமை' என்று இருக்க வேண்டியது, அச்சகத்தில் புள்ளியை விட்டுவிட்டதால் 'பாதுகாப்பே நம கடமை' என்று இருந்தது. கிட்டங்கி நிறைய அதே அட்டைதான். சார் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் முடியாமல், பேனாவை எடுத்து ம-வின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டார். இலக்கு அட்டையில் அங்கீகாரம் இல்லாத துளை போன்ற அடையாளத்தை உண்டாக்கினார் என்று அவருக்கு ஒரு வருடத் தடை.

"பிழையத் திருத்துனதுக்கா தடை?" என்று கேட்டார் சார்.

"பிழை இருக்கலாம். அது அங்கீகரிக்கப்பட்ட பிழை" என்றார் மாரிக்கண்ணன்.

இந்த வருடத் தேர்வு நாள் வந்தது. சத்யபிரியாவுக்கு ஜூனியர் பிரிவில் இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இன்றைக்குச் சுட்டு, வேண்டிய புள்ளியை எடுத்துவிட்டால் மாநிலப் போட்டி. தகுதி நீக்கம் என்றால் இனி எப்போதும் இல்லை. அதனால் அன்று காலையில் அவள் யார் குரலுக்கும் அசைவதில்லை என்று முடிவு செய்து வந்திருந்தாள். அப்பா வேனை வேப்ப மரத்தடியில் போட்டுவிட்டு, முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தடை பெற்ற இம்மானுவேல் சாரும் பார்வையாளராக முன்வரிசையில் இருந்தார். பார்ப்பதற்குத் தடை விதிக்கக் குழு மறந்துவிட்டது.

போட்டிக்கு முன் தலைவர் முதல் ரவையைச் சுட்டுத் தொடங்கி வைப்பது வழக்கம். வருடா வருடம் சுடுவார். வருடா வருடம் அட்டை பழுதில்லாமல் திரும்பி வரும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த அட்டைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதாக ஒரு பேச்சு உண்டு.

அன்று ஆயுதபூஜை முடிந்த வாரம். மூன்றாம் நம்பர் பிஸ்டலுக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். ரவை இல்லை என்று காட்டுவதற்காகக் குழாயில் ஒரு ஆரஞ்சு நிற நைலான் நரம்பு செருகி வைக்க வேண்டும். அது மங்களகரமாக இல்லை என்று எடுத்துவிட்டு, மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். தலைவர் மேடையில் குனிந்து ரவை போடுவது அழகாக இருக்காது என்று உபதலைவர் முன்கூட்டியே போட்டும் வைத்திருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

சத்யபிரியா தன் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, அட்டையைப் பார்க்கும் தொலைநோக்கிக் குழலில் கண்ணை வைத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். தலைவர் அவள் இடத்தில் நின்று, ஒரு கையில் மைக்கும் மறு கையில் பிஸ்டலுமாகப் பார்வையாளரைப் பார்த்துப் பேசினார்.

"அனுமதியில்லாம ஒரு ரவை வெளிய வந்துட்டா, அரங்குல இருக்குற அத்தனை பேரும் இருந்தது இருந்தபடி நிக்கணும். அசையக் கூடாது. சுட்டவர் யாரோ, அவர் வாயத் தொறந்து 'நான்தான் சுட்டேன்'னு சொல்லணும். அதுக்கப்பறம்தான் பாதுகாப்புச் செயலர் அரங்கை விடுவிப்பார். அதுவரைக்கும் எவன் அசைஞ்சாலும், அது நானாவே இருந்தாலும், தகுதி நீக்கம். இந்த விதிய எழுதுனது யாரு? நான்தான்."

கைதட்டினார்கள். இந்தக் கட்டடத்துக்குத் தகரம் போட்டது யார், நான்தான். மின்விசிறி மாட்டியது யார், நான்தான். அவர் பேச்சு எப்போதும் இந்தத் தடத்தில்தான் போகும். கைதட்டலில் குளிர்ந்து, "அதோ அந்த இலக்கு மாதிரி நேரா இருக்கணும் நம்ம நோக்கம்" என்று பிஸ்டலோடு கையை முன்வரிசையிலிருந்து சுழற்றிப் பின்பக்கம் நீட்டினார். முகம் மட்டும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டப் என்று ஒரு சத்தம்.

"யாரும் அசையக் கூடாது" என்று மாரிக்கண்ணன் கத்தினார். பழக்கம். கத்திய பிறகுதான் சுட்டது யார் என்று பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

அரங்கு உறைந்து நின்றது. தலைவர் கையை நீட்டியபடி. உபதலைவர் பாதி வெதுவெதுப்பான வடையை வாயில் வைத்தபடி. சத்யபிரியா குழலில் கண்ணை வைத்துக் குனிந்தபடி. குழலுக்குள் அவள் அட்டை தெரிந்தது. ரவை எங்கே போயிருக்கிறது என்று அவள் பார்த்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு நொடிக்கு முன்னால் அந்தக் குழாய் முனை முன்வரிசை முகங்களைத் தடவிக்கொண்டு போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். அவள் அப்பாவின் முகமும் அதில் இருந்தது. தவறான குரலுக்கு ரவை போட்டதற்கு ஒரு வருடம் அவளைத் தள்ளி வைத்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"சுட்டவர் வாய் திறந்து சொல்லவும்" என்றார் மாரிக்கண்ணன், யாரையும் பார்க்காமல்.

தலைவர் மைக்கில், "யாருப்பா சுட்டது?" என்று கேட்டார்.

யாரும் அசையவில்லை. தகரம் காய ஆரம்பித்தது. நின்ற நிலையிலேயே அவசரச் செயற்குழு கூடியது. உபதலைவர் வடையை விழுங்குவது அசைவாகுமா என்று முதல் விவாதம். விழுங்கலாம், மெல்லக் கூடாது என்று முடிவாயிற்று.

"கழக வரலாற்றில் தலைவர் சுட்டு அட்டையில் பட்டதாக ஒரு பதிவும் இல்லை" என்று மாரிக்கண்ணன் தொடங்கினார். "ஆகவே தலைவர் சுட்டார் என்பது நடைமுறையில் நம்பத்தக்கது அல்ல."

"அப்ப காத்து தானா வெளியேறிருச்சுன்னு எழுதுவோம்" என்றார் உபதலைவர். "தலைவரிடமிருந்து தவிர்க்க முடியாமல் வாயு வெளியேறிய நிகழ்வு."

பார்வையாளர் பக்கம் யாரோ சிரித்தார்கள். தலைவர், "அது வேணாம்" என்றார்.

"துப்பாக்கி தன்னிச்சையாகச் செயல்பட்டது என்றால்?" என்றார் மாரிக்கண்ணன். "கழகத்தின் உடைமை கட்டுப்பாட்டை மீறியது. பொறுப்பு யாருக்கு? மூன்றாம் நம்பர் துப்பாக்கி இன்று யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. எல்லாக் கண்களும், தலையைத் திருப்பக் கூடாது என்பதால் கண்கள் மட்டும், குனிந்து நிற்கிற சத்யபிரியாவிடம் வந்தன.

"ஏம்மா" என்றார் தலைவர். குரலில் தேன் வடிந்தது. "நீ எங்க வீட்டுப் புள்ள மாதிரி. ஒரே ஒரு வார்த்தை. 'நான்தான் சுட்டேன்'னு சொல்லிரு. எல்லாரும் சாப்பிடப் போவோம். ரெண்டு வருசத் தடைதான். கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்."

"நான் சுடலயே அய்யா."

"நீ சுட்டன்னு யாரும்மா சொன்னா? சொல்லுன்னுதான சொல்றோம்."

"பாதுகாப்பு என்பது ஒரு தியாகம்" என்றார் மாரிக்கண்ணன். "அதை யார் செய்கிறார்கள் என்பது முக்கியமல்ல."

"முக்கியமில்லன்னா நீங்களே செய்யுங்க சார்."

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நெற்றி வியர்வை குழல் கண்ணாடியில் சொட்டியது. கூட்டத்தில் முனகல் கிளம்பியது. சொல்லித் தொலையேன் என்று ஒரு குரல். பெரிய மனுசர் கேட்கிறார் என்று இன்னொரு குரல். ஒரு கணம் அவளுக்கே தோன்றியது, சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று. அப்போது பின்னாலிருந்து அப்பா பேசினார். சபையில் வாய் திறக்காத மனுசர் அவர்.

"சொல்லாத தாயி. நிப்போம். பந்தல்குடி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி நாம நிக்காத நிப்பா."

அதைக் கேட்டதும் இடுப்பு வலி எங்கேயோ போயிற்று. இனிமேல் பொழுது சாயும்வரை நிற்கலாம் என்று ஆகிவிட்டது.

நின்றார்கள். தலைவரின் நீட்டிய கை நடுங்க ஆரம்பித்து, பிறகு ஆட ஆரம்பித்தது. அது அசைவாகாது, அதிர்வு என்று குழு தீர்மானித்தது. முத்துத்தாய் வாசலில் வந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா, செலை செலையா நிக்கிறீக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து, ஏற்றி, கிளம்பியும் போயிற்று. அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

சத்யபிரியா குழலுக்குள் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, கண்ணை எடுக்காமலேயே பேசினாள்.

"அய்யா, ஒரு சந்தேகம். நான் சுட்டேன்னு சொன்னா, இந்த அட்டையும் என் பேர்லதான எழுதுவீக?"

"ஆமாம்மா, உன் பேர்லதான்."

"அப்பச் சரி. புள்ளி விழுந்திருக்கு. அதான் கேட்டேன்."

அரங்கில் ஒரு சின்னச் சலசலப்பு. தலைவரின் ஆடிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னது?"

"அட்டைல புள்ளி விழுந்திருக்கு அய்யா."

"எத்தனை?" தலைவருக்குக் குரல் கம்மியது.

"ஒன்னே ஒன்னுதான். ஆனா, கரெக்டான எடத்துல. இத்தனை வருசமா இந்தக் கழகத்துல யாராலயும் அந்த எடத்துல வைக்க முடியல. இம்மானுவேல் சார் வச்சாரு, அதுக்கு ஒத்துக்கிடல."

"நடுவுலயா?"

"அச்சு அசலா அதுக்குன்னு உள்ள எடம் அய்யா. ஒரு நூல் இங்கிட்டு அங்கிட்டு இல்ல. முகத்த இங்கிட்டு வச்சுக்கிட்டு, கைய அங்கிட்டு நீட்டி, பாக்காமலே. யாருக்கு வரும் இது? எனக்கு வராது. ஆனா என் பேர்ல எழுதுறதுன்னு குழுவே முடிவு பண்ணிருச்சு. நான் என்ன செய்ய? நான்தா..."

"இரு" என்றார் தலைவர்.

மைக்கை வாயருகே கொண்டுவந்தார். வருடக்கணக்காக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த வெற்று அட்டைகள் எல்லாம் அவர் தொண்டைக்குள் வந்து நின்றிருக்க வேண்டும். உபதலைவர் கண்ணால் ஜாடை காட்டினார். தலைவர் பார்க்கவில்லை.

"நான்தான் சுட்டேன்."

தகரக் கூரையில் அது எதிரொலித்தது. நிறுத்தினாரா என்றால் இல்லை.

"வேற எவனும் சுடல. இந்தக் கையால நான்தான் சுட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

"சுட்டவர் தகுதி நீக்கம். தடை இரண்டு ஆண்டு. அரங்கு விடுவிக்கப்பட்டது" என்றார் மாரிக்கண்ணன். அவருடைய வாய் அந்த வாக்கியத்தை இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்னபின் அவர் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் ஒரு வகையில் தானாக வெளியேறியதுதான்.

தலைவர் தடையைக் காதில் வாங்கவே இல்லை. "அட்டைய இழு, அட்டைய இழு" என்றார். கயிற்றை இழுத்தார்கள். அட்டை ஆடி ஆடி வந்தது. நடு வட்டம் மொழுமொழுவென்று இருந்தது. ஓர வட்டங்களும் அப்படியே. புரட்டிப் பார்த்தார். கீழே, கொட்டை எழுத்து வாசகத்தில், ம-வின் தலையில், உருண்டையாக ஒரு துளை.

முன்வரிசையிலிருந்து இம்மானுவேல் சார் எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார்.

"பாதுகாப்பே நம் கடமை." ஒரு மூச்சு விட்டார். "இப்பத்தான் சரி."

"ஏமாத்திட்ட" என்றார் தலைவர், சத்யபிரியாவைப் பார்த்து.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "புள்ளின்னுதான அய்யா சொன்னேன். ஸ்கோருன்னு சொன்னா வெளியேத்திருவோம்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கீக."

தலைவர் அந்த அட்டையை விடாமல் நெஞ்சோடு பிடித்தபடி காருக்குப் போனார். என்ன இருந்தாலும் முதல் தடவையாக அட்டையில் பட்டிருக்கிறது.

சத்யபிரியா மூன்றாம் நம்பர் பிஸ்டலை எடுத்து, பூச்சரத்தை அவிழ்த்து, விசையில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தாள். ஆரஞ்சு நரம்பைத் தேடிச் செருகினாள். மாரிக்கண்ணன் அவளுக்குப் புது அட்டை ஒன்றைக் கொடுத்தார். 'பாதுகாப்பே நம கடமை.'

அவள் இம்மானுவேல் சாரிடம் கையை நீட்டினாள். சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். மாரிக்கண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் முகத்துக்கு நேராக அட்டையைப் பிடித்து, ம-வின் தலையில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டு, என்ன செய்வீர்கள் என்று கேட்கிற மாதிரி நின்றாள்.

மாரிக்கண்ணன் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவருக்கு அன்றைக்கு வாயின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. மூடிக்கொண்டார்.

அட்டை பத்து மீட்டர் தள்ளிப் போய் நின்றது. அவள் நரம்பை உருவிவிட்டு, முனை இலக்கைப் பார்க்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, கட்டளைக்காகக் காத்திருந்தாள். 'திணிக்கவும்' என்று சொல்ல மாரிக்கண்ணன் மூச்சை இழுத்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று வந்தது.

"லோடு."

அவள் அசையவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி மாரிக்கண்ணனைப் பார்த்தாள்.

"அவர் சொன்னதுதாம்மா" என்றார் மாரிக்கண்ணன். "போடு."

அன்று அவள் எடுத்த புள்ளிகளைக் கழகம் மாநிலத்துக்கு அனுப்பத்தான் வேண்டியிருந்தது. முத்துத்தாய் பலகையைத் துடைத்துப் பழையபடி எழுதிக்கொண்டாள். கிட்டங்கியில் பழைய அட்டைகள் இன்னும் தீரவில்லை. சுட வருகிறவர்கள் இப்போதெல்லாம் கையோடு பேனா கொண்டு வருகிறார்கள்.